நாப்பது பட்டன் தம்பிக்கு நாலு வார்த்தை

வா தம்பி, உக்காரு. பசியாறிட்டியா? தாப்பாவுலேர்ந்து அத்தனை வளைவும் சுத்தி மலையேறி வந்திருக்கே, தலை சுத்தும். எனக்கும் சுத்துதுப்பா. நான் எங்கயும் போகல, வாசல்லயே உக்காந்து நீ கொடுத்துட்டுப் போன செயலி ரெண்டையும் பார்த்தேன், அவ்வளவுதான்.

கோவிச்சுக்காதே. ஆறாம் வகுப்போட தமிழ்ப்பள்ளியை முடிச்சுட்டுக் கொழுந்து வெட்டப் போனவன் நான், எனக்கென்ன தெரியும்? நீ சைபர்ஜெயாவுல குளிரைக் காசு கொடுத்து வாங்கி அதுக்குள்ள உக்காந்து வேலை பார்க்கிறவன். எங்களுக்கு இங்க அது சும்மாவே கிடைக்குது, அதான் புத்தி வளரல.

தோட்டத்துல உன்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. கொழுந்தை நிறுத்தா அந்த எடை ஆளு பேர்ல ஏறணும். நீயா அதோட நிப்பே? முதல் பக்கத்துலயே நாப்பது பட்டன். மழை எவ்வளவு, மண்ணு ஈரம் எவ்வளவு, லோரி எங்க நிக்குது, மாசக் கணக்குக்கு ஒரு படம், அந்தப் படத்துக்கு நிறம் மாத்த ஒரு பட்டன், மாத்துன நிறத்தைச் சேமிக்க இன்னொரு பட்டன், ஆளுங்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப ஒரு பட்டன். எடையை எங்கப்பா போடறதுன்னு கேட்டா, "அந்த மூலையில ‘மேலும்’னு இருக்கு தாத்தா, அதை அமுக்குனா வரும்"ங்கறே. பிறந்தநாளு வருசத்துக்கு ஒருக்கா வருது. எடை தினமும் வருது. தினமும் வர்றதை மூலையில தள்ளிட்டு, வருசத்துக்கு ஒருக்கா வர்றதை நடுவீட்டுல உக்கார வச்சிருக்கே. நல்ல மரியாதைப்பா.

நம்ம மலைக்குப் பேரு கொடுத்த வில்லியம் கேமரன் கதை தெரியுமில்ல? 1885ல நிலம் அளக்க வந்த மனுசன். இவ்வளவு பெரிய மேட்டு நிலத்தைக் கண்ணால கண்டுட்டு, அது எங்க இருக்குன்னு வரைபடத்துல சரியா குறிக்காமப் போயிட்டாருன்னு சொல்லுவாங்க. ஆனாலும் மலைக்கு அவரு பேருதான் நிக்குது. அதனால நீயும் கவலைப்படாதே. எடை போடற இடத்தை ஒளிச்சு வச்சாலும் செயலியில உன் பேரு நிக்கும்.

நாப்பது பட்டனைப் பார்த்து, ஆளுங்களை மேய்ச்சு எடை போடற மண்டோரு மூஞ்சியைச் சுளிச்சாருன்னு, ரோசப்பட்டு அடுத்ததா ஒண்ணு கொண்டாந்தே பாரு, அது அதுக்கு மேல. வெள்ளைத் திரை, நடுவுல ஒரு பச்சை வட்டம், வேற ஒரு ஈ காக்கா இல்ல. "எளிமை தாத்தா, எளிமை"ன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னே. நானும் தியானம் பண்ற செயலியோன்னு நினைச்சுட்டேன்.

மறுநாளே மண்டோரு 27ன்னு போட வேண்டியதை 72ன்னு போட்டுட்டாரு. மழையில விரல் வழுக்காதா? திருத்தலாம்னா வழி இல்ல. ஏன் தம்பின்னு கேட்டா, திருத்துற வசதி வச்சா ஆளுங்க குழம்பிடுவாங்க, அதான் எடுத்துட்டேன்ங்கறே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். நீ ஒரு படி மேல போய், பார்க்க வந்தவங்க கண்ணே கோணல்ங்கறே.

அதோட விட்டியா? சாக்கு எடை, ஈரத்துக்குக் கழிவுன்னு தேயிலைத் தோட்டத்துல ஒரு கணக்கு உண்டு. தராசு 40 காட்டும், பேர்ல 36 ஏறும். நடுவுல அந்த 4 கிலோ எங்க போச்சுன்னு உன் வெள்ளைத் திரை வாயைத் திறக்கல. கழிவைக் காட்டுனா திரை அசிங்கமாயிடும்னு மறைச்சுட்டே. கிலோவுக்கு இத்தனை காசுன்னு கூலி வாங்குறவனுக்கு அந்த 4 கிலோதான் அன்னிக்குக் கறிச்செலவு. தராசுக்கிட்ட வர்ற சண்டையில பாதி அந்தக் கழிவாலதான் வருது. நீ சண்டைக்குக் காரணத்தை அப்படியே வச்சுக்கிட்டு, அதுக்குப் பதில் சொல்ற வாயை மட்டும் அடைச்சுட்டே. திரை சுத்தமாச்சு, ஆளுங்க மனசுல அழுக்கு சேர்ந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு ஆபீசுப் பக்கம் போனேன். கணக்கு எழுதுற கிராணி மேசையில கணினிக்குப் பக்கத்துல ஒரு 555 புத்தகம் கிடக்குது. கடைக் கடன் எழுதி வைக்கிற அதே குட்டி நோட்டு. "என்னங்க இது"ன்னேன். "செயலியில ஏறுனது தப்பா சரியான்னு இதுல எழுதி வச்சுக்கிறேன் ஐயா"ன்னாரு. கேட்டுக்கோ தம்பி, எந்தச் செயலி பக்கத்துல 555 புத்தகம் முளைக்குதோ, அந்தச் செயலி தோத்துப் போச்சு. அதுக்கு வேற பரீட்சையே வேணாம்.

சரி, உன் செயலியைத் தொடப் போறது யாருன்னு யோசிச்சியா? 1929ல ரசல் துரை போ தோட்டத்தை ஆரம்பிச்ச காலத்துல கொழுந்து கையாலதான் எடுத்தாங்க. ரெண்டு இலை ஒரு மொட்டு. இப்ப சரிவுல நிக்கிறவன் கையில கத்திரி. கத்திரியோட ஒட்டி ஒரு பெட்டி. வெட்டுனதும் கொழுந்து பெட்டியில விழும், ஒரு வீசு வீசுனா முதுகுக் கூடைக்குப் போயிடும். கொஞ்சம் சாய்வு கம்மியான இடத்துல ரெண்டு பேரு ரெண்டு பக்கம் பிடிச்சுக்கிட்டுப் போற மிஷின், பின்னால நீளமா ஒரு பை. ஆளுங்களும் நம்ம ஆளுங்க மட்டும் இல்ல. பங்களாதேசு, நேப்பாளம், இந்தோனேசியான்னு பல தேசத்துப் பிள்ளைங்க. அவங்களுக்கு உன் செயலியிலேர்ந்து வேண்டியது ரெண்டே எண்ணு. இன்னிக்கு எனக்கு எத்தனை கிலோ, இந்த மாசம் இதுவரைக்கும் எத்தனை. அதுகூட எழுத்தைப் படிச்சுத்தான் புரியணும்னு வச்சா, எந்தப் பாஷையில வைப்பே?

மண்டோரு கதை வேற. சாக்கு வரிசையா வருது, மழை வருது, லோரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். கொழுந்து சாக்குல ரொம்ப நேரம் கிடந்தா சூடேறிக் கெட்டுப் போகும். அவரு நிமிசத்துக்கு எத்தனை ஆளு எடை ஏத்த முடியும்ங்கறதுதான் அவரு உலகம். கிராணி உலகம் இன்னொண்ணு. அவரு மேசையில உக்காந்து, முப்பது ஆளு எடையை ஒரே இழுப்புல ஒரு பாத்தியிலேர்ந்து இன்னொரு பாத்திக்கு மாத்தணும், மண்டோரு போட்ட தப்பைத் திருத்தணும், யாரு எப்பத் திருத்துனாங்கன்னு பதிவும் இருக்கணும். அவருக்கு உன் நாப்பது பட்டன் பத்தாது, அறுபது வேணும். தோட்டத்தை நடத்துற துரைக்கு இந்த மூணு பேரு கணக்கும் வேணாம். எந்த மலையில எத்தனை கொழுந்து, வெட்டுற சுத்து எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுன்னு தெரிஞ்சா போதும்.

நீ என்ன செஞ்சே? முதல்ல கிராணிக்குச் செஞ்சதை மண்டோரு கையில கொடுத்தே. அப்புறம் மண்டோருக்குச் செஞ்சதைக் கிராணி மேசையில வச்சே. நடுவுல கத்திரி பிடிச்சவனை மறந்தே போனே.

தொண்டை வறண்டு போச்சு. பிரிஞ்சாங் கடைக்கு நடப்போம் வா, காசு நீ கொடு. அங்க உனக்குப் பாடமும் இருக்கு. உள்ள நுழைஞ்சு "தே"ன்னு ஒரு வார்த்தை சொல்லு. பாலும் சீனியும் போட்டுக் கொண்டாந்து வைப்பான். ஒரு கேள்வி கேக்க மாட்டான். பால் வேணாமா, "தே ஓ". சீனியும் வேணாமா, "தே ஓ கொசோங்". டின்பால் வேணாம், இனிப்பில்லாத பால் வேணும்னா "தே சி". இனிப்பு கம்மியா வேணும்னா "குராங் மானிஸ்". கடுப்பா வேணும்னா "காவ்". ஆத்தி வேணும்னா "தாரேக்". பையில கட்டிக்கிட்டுப் போகணும்னா "புங்குஸ்". பழகுனவன் நாலு வார்த்தையை ஒரே மூச்சுல அடுக்குவான், கடைக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். அதே வார்த்தைங்க கோப்பிக்கும் செல்லும். "கோப்பி ஓ கொசோங்"னு சொல்ல நீ புதுசா படிக்க வேண்டியது எதுவும் இல்ல.

கவனிச்சியா? புதுசா வந்தவன் ஒரு வார்த்தையில வேலையை முடிச்சுக்கிறான். வித்தை தெரிஞ்சவன் அடுக்கிக்கிட்டே போறான். வித்தைக்காரனுக்கு இருக்கிற வசதி புதுசா வந்தவன் வழியில குறுக்க நிக்கல. ஒண்ணும் சொல்லாதவனுக்கு எதைக் கொடுக்கணும்ங்கறதைக் கடைக்காரன் தன் நாக்கை வச்சு முடிவு பண்ணல, வர்றவங்க நாக்கை வச்சு முடிவு பண்ணியிருக்கான். நீ உன் நாக்கை வச்சு முடிவு பண்றே. அதான் மழைப் படமும் பிறந்தநாளும் முன்னால வந்து நிக்குது.

இதெல்லாம் கடைக்குச் சரி, கணினிக்கு ஆகாதுன்னு வாய்க்குள்ள முணுமுணுக்காதே, எனக்குக் காது நல்லாவே கேக்கும். கணினிக்கதையே சொல்றேன். கோயில் கமிட்டிக்குச் செயலாளரா இருந்தப்ப திருவிழா நோட்டீசு அடிச்சவன் நான். தமிழ்த் தட்டச்சு மிஷினைக் கொண்டு வந்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துல பிறந்து, நம்மளை மாதிரியே இந்த மலாயா, சிங்கப்பூர் பக்கம் பொழைக்க வந்தவரு. நம்ம எழுத்து 247, மிஷின்ல இருக்கிற விசையோ கொஞ்சம். அதுக்குள்ள அடக்குனாரு பாரு. சில விசையை அடிச்சா குறி விழும், ஆனா தாளு நகராது; அடுத்த எழுத்து அதுங்கூடவே வந்து உக்காரும். பெரிய மூளை. ஆனா அடிக்கிறவன் எழுத்தோட உருவத்தை மனசுல துண்டு துண்டா வெட்டி வச்சுக்கணும். "கொ" வேணும்னா முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் காலு. மிஷினால முடியாததை மனுசன் விரல் சுமந்துச்சு. அதுக்கே தட்டச்சு வகுப்புன்னு மாசக்கணக்குல போனாங்க.

அப்புறம் 1999ல சென்னையில இணைய மாநாடு கூடித் தமிழ்99ன்னு ஒரு விசைப்பலகை வந்துச்சு. அதுல "கொ"வுக்கு க அடி, ஒ அடி, தீர்ந்துச்சு. கொம்பு எங்க, காலு எங்கன்னு மிஷினே பார்த்துக்கும். "அம்மா"ன்னு அடிக்க அ, ம, ம, ஆ. நடுவுல புள்ளியை நீ வைக்க வேணாம், ஒரே மெய் ரெண்டு தடவை வந்தா முதல்ல வந்ததுக்குப் புள்ளி தானா விழும். "தங்கம்"னு அடிச்சா ங பக்கத்துல க வந்ததைப் பார்த்து அதுவே புள்ளி வச்சுக்கும். கடைசி ம்முக்கு மட்டும் நீ வச்சா போதும். தமிழ்ல அப்படி வர்ற இடந்தான் அதிகம்னு தெரிஞ்சு வச்ச ஏற்பாடு அது. ஸ, ஷ, ஜ மாதிரி எப்பவாவது வர்ற எழுத்தெல்லாம் ஷிஃப்டுக்கு அடியில போயிடுச்சு. தூக்கிப் போடல, வழியில நிக்காம ஒதுங்கி நிக்குது.

சரி, புள்ளி வேணாம்னா? அதுக்கும் வழி வச்சிருக்கான். "மமதை"ன்னு அடிக்கணும்னா முதல் ம அடிச்சதும் ஒரு அ அடிச்சுக்கோ, புள்ளி விழாது. பார்த்தியா, அந்தப் பலகையில அம்மா சுளுவா வர்றா. மமதைக்குத்தான் கூடுதலா ஒரு தட்டு வேணும். உனக்கு அந்த மமதை சுளுவா வருதே, அது எந்தப் பலகைன்னு தெரியல.

இங்க மலேசியாவுலயே நம்ம முத்து நெடுமாறன் 1985லேர்ந்து முரசுன்னு தமிழ் மென்பொருள் செஞ்சுக்கிட்டு வர்றாரு. அதுலேர்ந்து வந்த அஞ்சல் முறையில தமிழ் விசை எதுவும் மனப்பாடம் பண்ண வேணாம். ஆங்கில எழுத்துல ஒலியை அடிச்சா தமிழ் வந்து நிக்கும். நாளெல்லாம் தமிழ் அடிக்கிறவனுக்குத் தமிழ்99 வேகம். என்னிக்காவது பேரனுக்கு வாழ்த்து அனுப்புறவனுக்கு அஞ்சல் சுளுவு. எது ஒசத்தின்னு அடிச்சுக்கிட்டவங்க உண்டு. ஆனா 2013ல ஐபோன்ல ஐஓஎஸ் 7 வந்தப்ப ரெண்டு பலகையும் உள்ளேயே வந்துச்சு. எதுல அடிச்சாலும் கடைசியில விழறது அதே தமிழ் எழுத்துதான், அனுப்புறவன் எதுல அடிச்சான்னு வாங்குறவனுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். மண்டோரு போடற எடையும் கிராணி திருத்துற எடையும் அப்படி ஒரே கணக்குல போய் விழட்டும். திரை மட்டும் ஆளுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும்.

போன தடவை நீயே ஒரு வெள்ளைக்காரர் பேரைச் சொன்னே. சொல்லிட்டு நீ மறந்துட்டே, கிழவன் மறக்கல. லாரி டெஸ்லர். வெட்டி ஒட்டுற வசதியைக் கணினிக்குக் கொண்டு வந்தவங்கள்ல ஒருத்தர், ஜெராக்ஸ்லயும் ஆப்பிள்லயும் வேலை பார்த்தவரு, 2020ல காலமானாரு. அவரு சொன்னதோட சாரம் என்ன? எந்த வேலையிலயும் ஒரு சிக்கல் இருக்கத்தான் செய்யும், அதை இல்லாமப் பண்ண முடியாது. அதைச் சுமக்கப் போறது செஞ்சவனா, வாங்குனவனாங்கறதுதான் கேள்வி. இதைச் சொல்ல அமெரிக்காவா போகணும்? எல்லாரும் பல்லக்குல ஏறிட்டா தூக்குறது யாருன்னு நம்ம பாட்டி கேட்டா. நாப்பது பட்டன் வச்சப்பவும் நீதான் பல்லக்குல உக்காந்திருந்தே, ஒரு பட்டன் வச்சப்பவும் நீதான். ஒருக்கா மண்டோரு தூக்குனாரு, ஒருக்கா கிராணி தூக்குனாரு.

பெரிய கம்பெனிக்காரனும் இதுல வழுக்கியிருக்கான், அதனால ரொம்ப வெக்கப்படாதே. மைக்ரோசாஃப்ட்காரன் ஆஃபீஸ் 2000ல ஒரு தந்திரம் பண்ணான். நீ அடிக்கடி தொடாத கட்டளையை எல்லாம் பட்டியல்லேர்ந்து தானே மறைச்சு வச்சான். கேக்க நல்லா இருக்கில்ல? நேத்து இருந்தது இன்னிக்குக் காணோம்னு ஜனங்க தேட ஆரம்பிச்சாங்க. கடைசியில 2007ல அந்தப் பட்டியலையே எடுத்துட்டு ரிப்பன்னு மேல விரிச்சு வச்சான். பழகுன விரலுக்கு, இருந்த இடத்துலயே இருக்கணும். மூலையில வச்சாலும் அதே மூலையில வை.

நம்ம ஊரு மைகார்டையே பாரு. 2001ல வந்தப்ப அந்தச் சில்லுக்குள்ள அடையாளம், லைசென்சு, மருத்துவ விவரம், டச் அண்ட் கோ, ஏடிஎம்னு அடுக்கி வச்சாங்க. சட்டைப் பையிலேர்ந்து உன் கார்டை எடு பார்ப்போம். ஐசின்னு காட்டுறதைத் தவிர வேற எதுக்குக் கடைசியா எடுத்தே? அப்புறம் கோவிட் காலத்துல 2020 ஏப்ரல்ல மைசெஜாத்ரா செயலி வந்துச்சு. கடை வாசல்ல கியூஆர் கட்டத்தைப் படம் பிடிச்சாதான் அப்ப உள்ள விட்டாங்க. கைப்பேசி இல்லாத கிழவிங்களுக்குன்னு வாசல்ல ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்க விட்டாங்க பாரு, என்னைக் கேட்டா அதுல நல்ல யோசனையே அந்தப் பேனாதான். எத்தனை பெரிய செயலி செஞ்சாலும், முடியாதவனுக்கு ஒரு வழி வச்சவன்தான் நாட்டு நடப்பு தெரிஞ்சவன்.

இப்ப நாலு வார்த்தை சொல்றேன், விலை கிடையாது. மண்டோரு திரையில ஆளு பேரு, எடை, "தப்பாப் போட்டுட்டேன்", இந்த மூணு மட்டும் இருக்கட்டும். ஈரக் கையால அமுக்குற அளவுக்குப் பெருசா இருக்கட்டும். கழிவைத் திரை முழுக்க விரிக்க வேணாம், எடையைத் தொட்டா தராசு எவ்வளவு, சாக்கு எவ்வளவு, ஈரம் எவ்வளவுன்னு எல்லாருக்கும் தெரியணும். கூலிக்காரன் கேட்டா காட்டுறதுக்கு வழி இல்லாத எளிமை எனக்கு வேணாம். கிராணிக்கு அவரு கேட்ட அறுபதையும் கொடு, விரலாலயே ஓட்டுற குறுக்குவழியும் கொடு, அவரு படிச்சுக்குவாரு. தினமும் எட்டு மணி நேரம் அதுலயே உக்காந்திருக்கிறவரைக் குழந்தையா நடத்தாதே. துரை புதுசா ஒரு பட்டன் கேட்டா உடனே தலையாட்டாம, "இதை யாரு, வாரத்துக்கு எத்தனை தடவை தொடுவாங்க"ன்னு கேளு. பதில் வரலன்னா பட்டனும் வர வேணாம்.

இதெல்லாம் சைபர்ஜெயாவுல உக்காந்து தெரியாது. நாளைக்கு விடியக்காலையில ஆளுங்களைக் கூட்டிப் பேரெடுக்கிற பெரட்டுக்கு வா. அப்புறம் நிறுவைக்கிட்ட வந்து நில்லு. மடிக்கணினியை வீட்டுல வச்சுட்டு வா, வாயையும் அதுங்கூடவே வச்சுட்டு வா. மண்டோரு விரல் எங்க தயங்குது, கத்திரிக்காரன் கண்ணு எந்த எண்ணைத் தேடுதுன்னு மட்டும் பாரு.

அதுக்கப்புறம் மூணாவது செயலியைக் கொண்டா. கிராணி 555 புத்தகத்தைத் தொடாம ஒரு மாசச் சம்பளத்தைப் போட்டுட்டா, உன் செயலி நல்ல செயலி, தே நான் வாங்கித் தர்றேன். தொட்டாருன்னா, இன்னிக்கு மாதிரியே காசு நீதான் கொடுக்கணும்.